வானத்திலிருந்து கரண்ட் வருமா சார்?

2018 நவம்பர். கஜா புயல் காரைக்காலையும் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போன மறுநாள் ராத்திரி. தெருமுனைக் கம்பம் சாய்ந்து, ஊரே கும்மிருட்டு. மெழுகுவர்த்தி, கொசு, நான்! பக்கத்து வீட்டு இயற்பியல் வாத்தியார் ஆகாயத்தைக் காட்டி, “தம்பி, அங்கே மேல ராத்திரியிலயும் வெயில் அடிக்குது, தெரியுமா?” என்றார். எரிச்சலாக வந்தது.

ஆனால், விஷயம் உண்மை. சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் மேகமும் இல்லை, மழையும் இல்லை. வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் நள்ளிரவு வாக்கில் ஒரு மணி நேரம் போல பூமியின் நிழல் விழும். மற்றபடி ஓவர்டைம் வெயில்தான். அங்கே சோலார் தகடுகளை விரித்து, கரண்டை மைக்ரோவேவாக மாற்றிக் கீழே அனுப்பினால்? 1968-லேயே அமெரிக்காவின் பீட்டர் கிளேசர் இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். 2010-ல் நம்ம அப்துல் கலாமும், அமெரிக்க தேசிய விண்வெளிச் சங்கத்தோடு சேர்ந்து இதற்காக ஒரு முயற்சியைத் தொடங்கினார்.

நான் பி.காம். கணக்குப் போடாமல் தூக்கம் வராது.

1970-களின் கடைசியில் நாஸா போட்ட பிளானில், ஒரு சாட்டிலைட்டுக்கு 5,000 மெகாவாட். நம்ம திருமலைராயன்பட்டினம் எரிவாயு மின் நிலையம் 32.5 மெகாவாட் அளவில் கட்டியது. அதைப் போல 150 மடங்கு! வரவு ஓ.கே. செலவு? எடை சுமார் 50,000 டன். இஸ்ரோவின் எல்.வி.எம்.-3, அந்த உயரத்துக்குப் போகிற பாதையில் ஒரு தடவைக்குக் கொண்டுபோய் விடுவது சுமார் 4 டன். தினம் ஒரு ராக்கெட் விட்டாலும் 34 வருஷம் ஆகும். இன்று எல்.கே.ஜி. சேரும் பையனுக்குக் கல்யாணமாகி, அவன் பிள்ளையும் எல்.கே.ஜி. முடித்துவிடும்!

கீழே கரண்டை வாங்கும் ஆன்டெனா 10 கி.மீ. அகலம். காரைக்காலில் வைத்தால் பாதி மாவட்டம் காலி. பயப்படாதீர்கள்... கம்பிவலை மாதிரி இருப்பதால் வெயில் உள்ளே இறங்கும், அடியில் விவசாயம் பார்க்கலாம் என்கிறார்கள். காக்கா வறுபட்டு விழாதா? அந்தப் பிளான்படி, கதிரின் நட்டநடுவில்கூட உச்சி வெயிலில் கால் பங்கு சக்திதான்.

வெறும் காகிதத்திலேயே நிற்கவும் இல்லை. 2023-ல் கலிஃபோர்னியாவின் கால்டெக் அனுப்பிய கருவி, விண்வெளியில் ஒரு அடி தூரத்துக்கு ஒயர் இல்லாமல் கரண்ட் அனுப்பி எல்.ஈ.டி. விளக்கை எரிய வைத்தது. அதன் கதிர் பூமியிலும் சிக்கியது. ஆனால் 2024-ல் வந்த நாஸா அறிக்கை, இந்தக் கரண்டுக்குத் தரைக் கரண்டைப் போல 12 முதல் 80 மடங்கு செலவாகும் என்றது. ராக்கெட் செலவு பெரிய அளவில் குறைந்தால்தான் லெட்ஜர் டாலியாகும்.

வாத்தியாரிடம் காட்டினேன். “குறையும் தம்பி, பார்த்துக்கிட்டே இரு!”

“குறையட்டும் சார். ஆனா அம்புட்டு தூரம் தாண்டி வர்ற கரண்ட், கடைசியில நம்ம தெருமுனைக் கம்பம் வழியாத்தானே வரணும்? கஜாவுல சாஞ்சது அதுதானே?”

வாத்தியார் பதில் பேசவில்லை. இப்போது மொட்டை மாடிக்கு, பேட்டரியோடு சேர்த்து சோலார் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்!