விழுவதைப் பார்க்க வந்த கூட்டம்

2021 மார்ச் 3, மாலை நேரம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய போக்கா சிக்கா கடற்கரை. தண்ணீர்த் தொட்டிக்கு மூக்கு வைத்தாற்போன்ற 50 மீட்டர் உயர எஃகு உருளை ஒன்று 10 கி.மீ. உயரத்துக்கு ஏறியது. அங்கே எஞ்சின்களை அணைத்துவிட்டு, குப்புறப் படுத்த வாக்கில் விழத் தொடங்கியது. தரை நெருங்கியதும் எஞ்சின்கள் மறுபடி பற்றிக்கொள்ள, சட்டென்று நிமிர்ந்து, தளத்தில் இறங்கி, கொஞ்சம் சாய்ந்தபடி நின்றது. அதற்கு முன் வந்த இரண்டு உருளைகளும் தரையில் மோதிச் சிதறியிருந்தன. மூன்றாவது தடவை பலித்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் தன் நேரலையை முடித்துக்கொண்டது.

ஆர்வலர்கள் முடித்துக்கொள்ளவில்லை. சுற்றுவட்டாரத்தில் அவர்கள் நிறுத்தியிருந்த கேமராக்கள் யூடியூபில் ஓடிக்கொண்டே இருந்தன. உருளையின் அடியில் இன்னும் தீ எரிந்துகொண்டிருப்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள். சுமார் எட்டு நிமிடம் கழித்து, எஸ்என்10 என்ற அந்த உருளை நின்ற இடத்திலேயே வெடித்து, தரையைவிட்டு இன்னொரு முறை எழும்பி விழுந்தது. ஒரே நாளில் இரண்டு தடவை பறந்த முதல் ராக்கெட் என்று இணையத்தில் கிண்டல் பறந்தது. கம்பெனியே தவறவிட்ட காட்சியை உலகத்துக்குக் காட்டியவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான்.

ராக்கெட் ஏவுவதைப் பார்க்கக் கூட்டம் சேர்வது புதிதல்ல. அப்போலோ காலத்தில் புளோரிடா கடற்கரையில் லட்சக்கணக்கானவர்கள் கூடினார்கள். ஆனால் அவர்கள் பார்க்கப் போனது முடிவான பயணத்தை. போக்கா சிக்காவில் கூடுகிறவர்கள் பார்ப்பது ஒத்திகையை. அன்றைக்கு என்ன ஆகும் என்று கட்டியவர்களுக்கும் தெரியாது, பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. கிரிக்கெட்டின் கடைசி ஓவரில் இருக்கும் அதே தவிப்பு இங்கே பொறியியலில் கிடைக்கிறது.

எதற்காக இத்தனை பாடு? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும். அறுபதாண்டுக் காலம் ராக்கெட் என்பது வாழை இலைபோல. ஒரு பந்தி முடிந்ததும் சுருட்டி எறிய வேண்டியதுதான். விண்வெளிக்குப் போவது உச்சியிலுள்ள சின்னப் பகுதி மட்டும். அதைத் தூக்கிவிட்ட முதல் கட்டம், விலையில் பெரும்பங்கை விழுங்கிய எஞ்சின்களோடு கடலில் போய் விழும். இலைக்குப் பதில் எவர்சில்வர் தட்டு வைத்தால் கழுவி மறுபடி பரிமாறலாமே என்ற யோசனை நாசாவுக்கு எப்போதோ வந்தது. ஸ்பேஸ் ஷட்டில் அப்படி வந்த தட்டுதான். ஆனால் அதன் உடம்பில் ஒட்டியிருந்த வெப்பத் தடுப்பு ஓடுகளே சுமார் 24,000. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அவற்றைச் சோதித்துச் சரிபார்க்க வேண்டும். கழுவுகிற கூலி புது இலையின் விலையைத் தாண்டிப் போயிற்று.

செங்குத்தாக இறங்குவது அடுத்த யோசனை. சந்திரனில் இது பழைய வித்தைதான். 1969-இல் ஆம்ஸ்ட்ராங் இறங்கியது இப்படி. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3-இன் விக்ரம் இறங்கியதும் இப்படித்தான். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தப் பயணத்தில் பலர் மறந்துவிட்ட ஒரு துணுக்கு உண்டு. இறங்கிப் பதினொரு நாள் கழித்து, செப்டம்பர் 3 அன்று, விக்ரம் தன் எஞ்சின்களை மறுபடி இயக்கிச் சுமார் 40 செ.மீ. எழும்பி, பக்கத்தில் போய் உட்கார்ந்தது. ராக்கெட் சோதனைக்காரர்கள் துள்ளல் என்று சொல்வது இதைத்தான்.

பூமியில் காற்றும் உண்டு, ஆறு மடங்கு ஈர்ப்பும் உண்டு. ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் கட்டம் கிளம்பிய இரண்டரை நிமிடத்தில், 65 முதல் 80 கி.மீ. உயரத்தில், மேல்பகுதியை விட்டுப் பிரிகிறது. அப்போது அதன் வேகம் மணிக்குப் பல ஆயிரம் கி.மீ. உடனே தலைகீழாகத் திரும்பி, வால் முன்னே வரும்படி வைத்துக்கொள்கிறது. கரைக்கே திரும்ப வேண்டுமானால் மூன்று எஞ்சின்களை எரித்து வந்த திசையை மாற்றுகிறது. காற்று அடர்த்தியாகும் இடத்தில் இன்னொரு முறை எரித்து வேகத்தைக் குறைக்கிறது. இல்லாவிட்டால் வெப்பம் எஞ்சின்களைத் தின்றுவிடும். மேல்முனையில் விரியும் நான்கு துடுப்புகள், பழைய வீட்டு ஜன்னல் கம்பிகளைப்போலக் கட்டம் கட்டமாக இருப்பவை, திசையைச் சரிசெய்கின்றன.

கடைசி அரை நிமிடத்தில்தான் வித்தை. ஒன்பது எஞ்சின்களில் ஒன்றை மட்டும் எரித்து, அதையும் முடிந்த மட்டும் தணித்தாலும், காலியான அந்த உருளையின் எடையைவிட எஞ்சினின் உந்துவிசை அதிகம். அந்தரத்தில் நின்று, இடம் பார்த்து, மெல்ல இறங்கும் வசதி அதற்குக் கிடையாது. வேகம் பூஜ்யமாகும் நொடியும் கால் தரையைத் தொடும் நொடியும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னதாக வேகம் தீர்ந்தால் ராக்கெட் மறுபடி மேலே கிளம்பும். பிந்தினால் மோதும். ரயில் ஓட்டுநர் நடைமேடையில் கொஞ்சம் முன்னே பின்னே நிறுத்திச் சரிசெய்துகொள்ளலாம். பதினான்கு மாடி உயரத்தில் நெட்டுக்குத்தாக வரும் இந்த உருளைக்கு அந்தச் சலுகை இல்லை.

இதை முதலில் செய்துகாட்டியது ஸ்பேஸ்எக்ஸ் என்று நினைப்பவர்கள் உண்டு. 1993 ஆகஸ்ட் 18 அன்று, நியூ மெக்சிகோவின் வெள்ளை மணல் பாலையில், மெக்டானல் டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-எக்ஸ் எழும்பி, பக்கவாட்டில் நகர்ந்து, நின்ற வாக்கிலேயே இறங்கியது. 1996 ஜூலை 31 அன்று அதே வாகனம் ஒழுங்காக இறங்கிய பிறகு, நான்கு கால்களில் ஒன்று விரியாததால் சாய்ந்து விழுந்து எரிந்தது. நாசா வேறொரு திட்டத்தில் பணம் போட்டிருந்ததால் இன்னொன்று கட்டவில்லை. அந்த வேறு திட்டமும் 2001-இல் கைவிடப்பட்டது. ஒரு கால் விரியாத கதையோடு கிட்டத்தட்ட பதினைந்து ஆண்டுகள் வீணாயின என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ரொம்ப மிகையல்ல.

2012 செப்டம்பரில் டெக்சாஸின் மெக்கிரிகர் ஊரில் ஸ்பேஸ்எக்ஸின் ‘கிராஸ்ஹாப்பர்’, அதாவது வெட்டுக்கிளி, முதல் துள்ளல் துள்ளியது. உயரம் 1.8 மீட்டர். ஓராள் உயரம். ஓராண்டுக்குப் பிறகு 744 மீட்டர். நடுவில் ஒரு பறப்பில் ராக்கெட்டின் பருமன் தெரிவதற்காக அதன்மேல் ஒரு கவ்பாய் பொம்மையைக் கட்டி அனுப்பினார்கள். அடுத்து வந்த வாகனத்தின் படத்தில் சத்தம் கேட்டுப் பக்கத்து வயல் மாடுகள் தலைதெறிக்க ஓடின. இந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு ராக்கெட் முதல்முறையாகப் பக்கத்து வீட்டுச் சங்கதிபோலத் தெரிந்தது.

பிறகு வந்தன தோல்விகள், வரிசையாக. 2015 ஜனவரியில் துடுப்புகளை இயக்கும் எண்ணெய் தீர்ந்து, ஃபால்கன் 9-இன் முதல் கட்டம் கடலில் நின்ற மிதவைமேல் சாய்வாக வந்து மோதியது. ஏப்ரலில் ஒரு வால்வு மந்தமாக வேலை செய்ததால் இறங்கியும் கவிழ்ந்தது. ஜூனில் ராக்கெட் மேலே போகும்போதே உடைந்தது. டிசம்பர் 21 இரவு, பதினொரு செயற்கைக்கோள்களை அனுப்பிவிட்டு, முதல் கட்டம் கேப் கனாவரலில் வந்து நின்றது. வெளியே நின்று பார்த்த நிறுவனர் ஈலான் மஸ்க், ஒலியை மிஞ்சிய வேகத்தில் வந்ததால் எழுந்த இடிச்சத்தத்தைக் கேட்டு, போயிற்று, வெடித்துவிட்டது என்றுதான் முதலில் எண்ணியதாகப் பிற்பாடு சொன்னார். அடுத்த மாதமே, ஒரு கால் பூட்டிக்கொள்ளாமல், இன்னொன்று மிதவையில் கவிழ்ந்தது. 2017-இல் இந்த விபத்துகளையெல்லாம் தொகுத்து, பேண்டு வாத்திய இசை சேர்த்து, ராக்கெட்டை எப்படி இறக்கக் கூடாது என்ற தலைப்பில் நிறுவனமே வெளியிட்டது. தோல்வியை மறைக்காமல் தானே காட்டிச் சிரித்த அந்தப் படம், மக்களின் ஆர்வத்தை வளர்த்ததில் எந்த விளம்பரத்தையும் மிஞ்சியது.

அடுத்து வந்தது ஸ்டார்ஷிப். தொடக்கத்தில் பார்த்த எஸ்என்10 இதன் மேல்பகுதிக்கான ஒத்திகைதான். முழு உயரம் சுமார் 121 மீட்டர். கீழ்ப்பகுதியான பூஸ்டர் மட்டும் 71 மீட்டர், ஏறத்தாழ ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம். அதில் 33 எஞ்சின்கள். 2023 ஏப்ரல் 20 அன்று முதன்முதலாக முழு ராக்கெட் கிளம்பியபோது ஏவுதளத்தின் கான்கிரீட் பெயர்ந்து நாலாபுறமும் பறந்தது. நான்கு நிமிடத்தில் ராக்கெட்டும் வெடித்தது. கலிஃபோர்னியாவிலிருந்த ஊழியர்கள் கைதட்டினார்கள். வெடித்ததற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘திட்டமிடாத துரிதப் பிரிகை’. நம்மூர் அலுவலகக் கடிதங்களுக்கும் பொருந்தக்கூடிய பெயர்.

2024 அக்டோபர் 13 காலை நடந்ததுதான் உச்சம். ஸ்டார்ஷிப்பின் பூஸ்டருக்குக் கால்களே கிடையாது. கிளம்பிய கோபுரத்துக்கே திரும்பி வர வேண்டும். கோபுரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகள் அதைப் பிடிக்க வேண்டும். பதிமூன்று எஞ்சின்களை எரித்து வேகத்தைக் கொன்று, பிறகு மூன்றில் மட்டும் நின்று, கோபுரத்தின் பக்கம் நகர்ந்து, கைகளுக்கு நடுவே வந்து தொங்கியது. கிளம்பி ஏழு நிமிடம் ஆகியிருந்தது. தூரத்தில் நின்று பார்த்தவர்கள் கத்தினார்கள், அழுதார்கள், அறிமுகமில்லாதவரைக் கட்டிப்பிடித்தார்கள். சில நாள் கழித்து வெளியான ஓர் ஒலித்துண்டில் பொறியாளர் ஒருவர் சொன்னது இன்னும் சுவாரசியம். ஓர் அளவைத் தப்பாக வைத்திருந்ததால், கணினி இறக்கத்தைக் கைவிட்டு ராக்கெட்டை வேறு பக்கம் மோதவிட ஒரு நொடிதான் பாக்கி இருந்ததாம்.

கைதட்டாதவர்களும் போக்கா சிக்காவில் உண்டு. டெக்சாஸ் சட்டப்படி கடற்கரை எல்லோருக்கும் பொது. சோதனை நாளில் ஊருக்கு இருக்கும் ஒரே சாலையையும் கரையையும் மூடிவிடுகிறார்கள். முதல் பறப்பன்று போர்ட் இசபெல் ஊரில் வீடுகள்மேல் மண் படிந்தது. 2024 ஜூன் பறப்புக்குப் பிறகு உப்புக்கொத்தி முதலான கரைப்பறவைகளின் கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடந்ததை வேறு கேமராக்கள் படம்பிடித்தன. 2025 ஜனவரி 16 அன்று பூஸ்டரைக் கோபுரம் பிடித்த அதே பறப்பில், மேல்பகுதி டர்க்ஸ் கைக்கோஸ் தீவுகளுக்கு மேலே சிதறியது. வானில் ஒளிக்கீற்றுகள் பாய்வதைத் தீவுக்காரர்கள் செல்போனில் எடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த நேரம் விமானங்கள் திசைதிருப்பப்பட்டன. மார்ச் மாதம் இதே கதை திரும்பவும் நடந்தது. பரிசோதனை திறந்தவெளியில் நடந்தால் அதன் குப்பையும் அடுத்தவர் வாசலில்தான் விழும்.

இன்னொரு பக்கம், பலித்துவிட்ட வித்தையை யாரும் பார்ப்பதில்லை. ஃபால்கன் 9 இப்போது ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தடவை பறக்கிறது. ஒரே பூஸ்டர் 30 தடவைக்குமேல் போய் வந்திருக்கிறது. 2024 நவம்பரில் இஸ்ரோவின் 4,700 கிலோ ஜிசாட்-என்2 செயற்கைக்கோளை, நம் ராக்கெட்டுகளால் தூக்க முடியாத எடை என்பதால், ஃபால்கன் 9 கொண்டுபோனது. 2025 ஜூன் 25 அன்று இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லாவை ஏற்றிச் சென்றதும் அதுதான். சில நிமிடங்களில் அதன் கீழ்ப்பகுதி கேப் கனாவரலில் வந்து நின்றது. அன்றைய பேச்சு முழுக்கச் சுக்லாவைப் பற்றி. பத்தாண்டுக்கு முன் உலகையே நிமிர வைத்த காட்சி, பஸ் நிலையத்துக்குள் பஸ் திரும்பிய கணக்கில் போயிற்று.

புது முகங்களுக்குத்தான் இப்போது கூட்டம். 2025 ஜூன் 17 அன்று ஜப்பானின் ஹொக்கைடோவில் கார் கம்பெனியான ஹோண்டா, 6.3 மீட்டர் நீளக் குட்டி ராக்கெட் ஒன்றை 271 மீட்டர் உயர்த்தி இறக்கியது. 56.6 நொடிப் பறப்பில் குறி தப்பியது 37 செ.மீ. மட்டும். நவம்பர் 13 அன்று ஜெஃப் பெசோஸின் நியூ கிளென் இரண்டாம் முயற்சியில் கப்பல்மேல் இறங்கியது. டிசம்பர் 3 அன்று சீனாவின் ஜூச்சுவே-3 சுற்றுப்பாதையை எட்டியது. ஆனால் அதன் முதல் கட்டம் இறங்கும்போது எரிந்து விழுந்தது.

இந்தியாவிலும் ராக்கெட்டைத் திரும்ப இறக்கும் காலம் வரும். சிறகு வைத்த புஷ்பக் வாகனத்தை இஸ்ரோ 2023, 2024-இல் கர்நாடகத்தின் சித்ரதுர்கா அருகே ஓடுபாதையில் மூன்று முறை இறக்கிப் பார்த்துவிட்டது. அது விமானம்போல இறங்குவது. முதல் கட்டம் திரும்பப் பயன்படும்படியான அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ஐயாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கும் மாடம் 2019 முதல் இருக்கிறது. ராக்கெட் கிளம்புவதைத் தோற்றாலும் ஜெயித்தாலும் நேரலையில் காட்டும் நல்ல வழக்கமும் இஸ்ரோவுக்கு உண்டு. செங்குத்தாக இறங்கும் சோதனை தொடங்கும் நாளில், பத்து மீட்டர் துள்ளலானாலும் சரி, கவிழ்ந்து எரியப்போவதானாலும் சரி, அந்த மாடத்தைத் திறந்துவைத்து முதல் நாளிலிருந்தே பார்க்க விட வேண்டும்.