ஆபீஸுக்கு ரீஃபர்பிஷ்டு ரேக் சர்வர் வாங்கலாமா? காசு கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

பத்து, பதினைந்து பேர் வேலை பார்க்கும் ஆபீஸ். பில்லிங், அக்கவுண்ட்ஸ், ஸ்டாக் கணக்கு என எல்லாமே ஓரமாக வைத்த ஒரு டெஸ்க்டாப்பில் ஓடுகிறது. ஒருநாள் காலையில் அது ஆன் ஆகவில்லை என்றால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும். சரி, ஒரு சர்வர் போட்டுடலாம் என்று கேட்டால், புதுசின் கொட்டேஷன் தலைசுற்ற வைக்கிறது. அப்போதுதான் ரீஃபர்பிஷ்டு ரேக் சர்வர் பக்கம் பார்வை போகிறது. விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் எதைப் பார்த்து வாங்குவது?

எங்கிருந்து வருகிறது?

பெரிய நிறுவனங்களும் டேட்டா சென்டர்களும் வாரண்டி அல்லது குத்தகைக் காலம் முடிந்ததும் சர்வர்களை மொத்தமாக மாற்றிவிடும். மெஷின் கெட்டுப்போனதால் அல்ல, சப்போர்ட் முடிந்ததால். அப்படி வெளியே வருவதைச் சுத்தம் செய்து, டெஸ்ட் செய்து, பழுதான பாகத்தை மாற்றி வாரண்டியோடு விற்றால் அது ரீஃபர்பிஷ்டு. துடைத்து மட்டும் விற்றால் அது வெறும் செகண்ட் ஹேண்ட். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ரிப்பேர் வரும்போதுதான் தெரியும். அதனால் டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே என்பதுதான் முதல் கேள்வி.

எந்தத் தலைமுறை?

டெல் ஆர்730, ஹெச்பி டிஎல்380 ஜென்9 ஆகியவை 2014-ல் வந்தவை. ஆர்740, ஜென்10 ஆகியவை 2017-ல் அறிமுகமானவை. விலை குறைவு என்று முதல் ஜோடிக்குப் போனால், புதிய மென்பொருள்கள் அந்தப் பழைய பிராசஸரை ஏற்குமா என்ற சிக்கல் வரலாம். நீங்கள் ஓட்டப்போகும் மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்க.

விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்று விற்பவர் சொன்னால், எந்த விண்டோஸ் என்று கேளுங்க. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி வரைதான்.

கோர் அதிகம் என்றால் வேகமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஜியான் சில்வர் 4114 பிராசஸரில் 10 கோர், அடிப்படை வேகம் 2.2 கிகாஹெர்ட்ஸ். கோல்டு 6134-ல் 8 கோர்தான், ஆனால் வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ். ஒரே நேரத்தில் ஒரு கோரை மட்டும் அதிகம் பயன்படுத்தும் பழைய பாணி அக்கவுண்டிங் மென்பொருளுக்கு இரண்டாவதுதான் கைகொடுக்கும். பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுவதாக இருந்தால் கோர் எண்ணிக்கை முக்கியம்.

இதில் லைசென்ஸ் கணக்கும் ஒளிந்திருக்கிறது. விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் கோர் கணக்கில் வருகிறது. ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். இரண்டு 6134 போட்டால் சரியாக 16. அதே இடத்தில் 20 கோர் உள்ள கோல்டு 6148 இரண்டு போட்டால், 40 கோருக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். மெஷினில் மிச்சம் பிடித்ததை லைசென்ஸில் விட்டுவிடாதீங்க.

இன்னொன்று, ஆர்740-ல் 24 மெமரி ஸ்லாட் இருக்கும். பிராசஸர் ஒன்று மட்டும் இருந்தால் அதில் 12 மட்டுமே வேலை செய்யும்.

டிஸ்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம்

சர்வரில் முதலில் தேய்வது டிஸ்க்தான். முடிந்தால் சர்வரை டிஸ்க் இல்லாமல் வாங்கி, புது எஸ்எஸ்டி போடுவது நல்லது. பழைய டிஸ்க்கோடு வந்தால், ஓடிய மணிநேரமும் எஸ்எஸ்டி-யின் மிச்ச ஆயுளும் எவ்வளவு என்று ரிப்போர்ட்டில் பாருங்க. ரெய்டு கார்டின் பேட்டரியையும் சோதிக்கச் சொல்லுங்க.

ரெய்டு இருக்கே, பேக்கப் எதுக்கு என்று நினைக்க வேண்டாம். ஒரு டிஸ்க் போனால் ரெய்டு காப்பாற்றும். தவறுதலாக அழித்த ஃபைலையோ, ரான்சம்வேர் பூட்டிய டேட்டாவையோ அது காப்பாற்றாது. டேட்டாவுக்கு மூன்று பிரதி, இரண்டு வகை சேமிப்பு, ஒன்று ஆபீஸுக்கு வெளியே என்பதே பாதுகாப்பான வழி.

கரண்ட் பில், சத்தம், இடம்

சர்வர் சராசரியாக 200 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு 4.8 யூனிட். இரண்டு மாத பில்லில் 288 யூனிட், வருடத்துக்கு 1,752 யூனிட். ஏசி, யுபிஎஸ் செலவு தனி. விலையோடு மூன்று வருட கரண்ட் செலவையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான கணக்கு தெரியும்.

இந்த சர்வர்களின் ஆழம் 600 மில்லிமீட்டருக்கு மேல். சுவரில் மாட்டும் 600 மில்லிமீட்டர் நெட்வொர்க் ரேக்கில் இது நுழையாது. ரேக்கில் மாட்டும் ரெயில் கூட வருகிறதா என்றும் கேட்டுக்கோங்க. ஃபேன் சத்தமும் அதிகம் என்பதால், ஆட்கள் உட்காரும் அறையில் வைக்க முடியாது.

வாங்கும் நாளில் செக் லிஸ்ட்

* டெல் என்றால் சர்வீஸ் டேக் எண்ணை டெல் தளத்தில் போட்டுப் பாருங்க. எப்போது ஷிப் ஆனது, முதலில் என்னென்ன பாகங்கள் இருந்தன என்பது தெரிந்துவிடும்.

* ஹெச்பி என்றால் ஃபார்ம்வேர் அப்டேட் எப்படிக் கிடைக்கும் என்று கேளுங்க. பல அப்டேட்களுக்கு வாரண்டியோ சப்போர்ட் ஒப்பந்தமோ தேவை.

* தூரத்திலிருந்து திரையைப் பார்த்து இயக்கும் வசதிக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். டெல்லில் ஐடிராக் என்டர்பிரைஸ், ஹெச்பி-யில் ஐஎல்ஓ அட்வான்ஸ்டு. அது ஆக்டிவாக இருக்கிறதா என்று திறந்து காட்டச் சொல்லுங்க. பழைய பாஸ்வேர்டை அழித்து, ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்க.

* இரண்டு பவர் சப்ளையில் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்க. சர்வர் நிற்காமல் ஓட வேண்டும்.

* சீரியல் எண்ணோடு ஜிஎஸ்டி பில், எழுத்தில் வாரண்டி. பழுதானால் பாகம் எத்தனை நாளில் வரும் என்பதும் அதில் இருக்கட்டும்.

யாருக்குச் சரிப்படும்?

டெஸ்டிங், பேக்கப், உள் ஆபீஸ் ஃபைல் சர்வர் போன்ற வேலைகளுக்கு ரீஃபர்பிஷ்டு நல்ல தேர்வு. ஒரு மணிநேரம் நின்றாலே நஷ்டம் என்ற வேலைக்கு ஒன்றை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. புதிய சர்வர் ஒன்றின் விலையில் ரீஃபர்பிஷ்டு இரண்டு கிடைத்தால், ஒன்றை ஓடவிட்டு மற்றதைத் தயாராக வையுங்க. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத ஆபீஸ் என்றால், கிளவுடுக்கு மாதாமாதம் பணம் கட்டுவதே நிம்மதி.

சர்வர் போனால் இன்னொன்று வாங்கலாம். பல வருடக் கணக்கு போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் பேக்கப் ஏற்பாட்டுக்கு முதலில் பணம் ஒதுக்குங்க. மீதியில் சர்வரைத் தேடலாம்.