கடல் இல்லாத ஊருக்குக் கடல் மீன்! சூட்சுமம் படகு ஐஸ் பெட்டியில்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. கல்வராயன் மலைக்காரர்கள் வஞ்சிரம் சாப்பிட வேண்டுமென்றால், கரையோர ஊர்களிலிருந்து ஐஸில்தான் வரவேண்டும். வழியில் எவ்வளவு ஐஸ் கொட்டினாலும், படகிலேயே கெட்டுப்போன மீன் தேறாது.

படகு ஐஸ் பெட்டியின் சுவருக்குள் தெர்மோகோல் வைப்பதுண்டு. மூலையில் விரிசல் விட்டால் போச்சு. உருகிய தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வெப்பம் கடத்தும். அப்புறம் ஐஸ் எங்கே நிற்கும்?

சந்து இல்லாமல் "பஃப்" நுரை நிரப்பி, உள்ளும் புறமும் ஃபைபர் பூசி அடைக்க வேண்டும். மூடிக்கு ரப்பர் பட்டை, உருகிய தண்ணீர் வடியக் குழாய். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். நம்ம வெயிலுக்கு அதுதான் கணக்கு!

டீசல் செலவழித்துப் பிடித்த வஞ்சிரம் கருவாட்டுக்குப் போனால் நட்டம் யாருக்கு?