முழு பலம் வைத்தால் ஸ்டீயரிங் ஊமை ஆகும்!
கம்ப்யூட்டர் கார் பந்தயத்தில் ஜெயிக்க வழி

வீட்டுக்குள் ஒரு நாற்காலி. எதிரே கம்ப்யூட்டர் திரை. மேஜையில் ஸ்டீயரிங். காலடியில் மிதிகள். கார் கிடையாது, பெட்ரோல் கிடையாது. ஆனால் வளைவில் திரும்பினால் ஸ்டீயரிங் கையை வெடுக்கென்று இழுக்கிறது!

இதற்கு "போர்ஸ் பீட்பேக்" என்று பெயர். ஸ்டீயரிங்குக்கு பின்னால் ஒரு மோட்டார் இருக்கிறது. டயரில் எவ்வளவு அழுத்தம் விழும் என்று ஆட்டம் கணக்கு போடும். அந்த கணக்குப்படி மோட்டார் இழுக்கும். 1989-ல் அமெரிக்காவில் வந்த "ஹார்ட் டிரைவின்" என்ற காசு போட்டு ஆடும் எந்திரத்திலேயே இந்த வித்தை உண்டு.

புதிதாக வாங்குகிறவர் பலரும் செய்யும் முதல் வேலை, பலத்தை 100-க்கு தூக்கி வைப்பது. "காசு கொடுத்தாச்சு, நல்லா உதைக்கட்டுமே!" என்ற ஆசைதான். அங்கேதான் கோளாறு.

குழாய் ரேடியோ போல...

திருவிழாவில் குழாய் ரேடியோவை முழு சத்தத்தில் அலற விட்டால் என்ன ஆகும்? பாட்டு புரியாது. கரகரப்புதான் மிஞ்சும். ஸ்டீயரிங்கிலும் அதே கதைதான்.

மோட்டாரின் பலத்துக்கு எல்லை உண்டு. ஆட்டம் 130 கேட்டால், அது கொடுப்பது 100. கேட்பது 110 ஆக குறைந்தாலும் 100தான். கைக்கு எந்த மாற்றமும் தெரியாது. இதை "கிளிப்பிங்" என்கிறார்கள்.

இதனால் என்ன நஷ்டம்? முன் டயர் பிடியை இழப்பதற்கு சற்று முன்னால் ஸ்டீயரிங் லேசாகும். நிஜ காரிலும் அப்படித்தான். "இதுக்கு மேலே திருப்பாதே" என்று டயர் கொடுக்கும் எச்சரிக்கை அது. கிளிப்பிங் வந்தால் அந்த எச்சரிக்கை கைக்கு வராது. கண்ணுக்கு தெரியும்போது கார் தடுப்பு சுவரில் இருக்கும்!

"விளையாட்டுதானே" என்று சிரிக்க வேண்டாம். இங்கிலாந்து வாலிபர் ஜான் மார்டன்பரோ, 2011-ல் "ஜி.டி. அகாடமி" போட்டியில் ஜெயித்தவர். திரையில் கார் ஓட்டி பந்தயத்துக்கு வந்த அவர், 2013-ல் பிரான்சு நாட்டின் லெ மான் 24 மணி நேர பந்தயத்தில் தன் பிரிவில் 3-வது இடம் பிடித்தார். அது நிஜ கார், நிஜ பாதை!

சரி செய்வது எப்படி?

* மேடு பள்ளமான ஒரு பாதையை தேர்ந்து எடுங்கள். ஜெர்மனியின் 20.8 கி.மீ. நீள நூர்பர்க்ரிங் வடக்கு சுற்று நல்ல சோதனை. அதன் "கருசெல்" கான்கிரீட் வளைவு கையை உலுக்கி எடுத்துவிடும்.

* பலத்தை காட்டும் கோட்டை பாருங்கள். "அசெட்டோ கோர்சா" ஆட்டத்தில் எல்லை தாண்டினால் அந்த கோடு சிவப்பாகும். பலத்தை ஐந்து ஐந்தாக குறையுங்கள். ஓரக்கல்லில் ஏறும்போது மட்டும் சிவப்பு தலைகாட்டினால் போதும்.

* பல் சக்கர ஸ்டீயரிங்கில் சிறு அசைவுகள் கைக்கு வந்து சேராது. அதற்கு "மினிமம் போர்ஸ்" இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். நேர் பாதையில் ஸ்டீயரிங் நடுங்கினால் ஒரு படி இறக்குங்கள். மோட்டாரே நேராக திருப்பும் "டைரக்ட் டிரைவ்" ரகத்துக்கு இது தேவை இல்லை.

* "டேம்பர்" அதிகமானால் ஸ்டீயரிங் சேற்றில் சிக்கியது போல இருக்கும். குறைவாக வையுங்கள்.

* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காரை மாற்றினால் பலத்தை மறுபடி பாருங்கள்.

மணிக்கட்டு ஜாக்கிரதை!

லாஜிடெக் ஜி29 போன்ற சிறிய ரகத்தின் பலம் சுமார் 2 நியூட்டன் மீட்டர். ஸ்டீயரிங் விளிம்பில் ஒன்றரை கிலோவை கட்டித் தொங்க விட்டது போல. பனாடெக் டிடி1 போன்ற பெரிய ரகம் 20 நியூட்டன் மீட்டர். அதாவது 13 கிலோ!

இதை வைத்திருப்பவர்கள் கட்டை விரலை ஸ்டீயரிங் கம்பிக்குள் கோர்த்து பிடிக்கக் கூடாது. கார் மோதப் போகிறது என்று தெரிந்தால் உடனே கையை எடுத்துவிட வேண்டும்.

திரையில் நொறுங்கிய காருக்கு ஒரு பட்டனை தட்டினால் போதும், புது கார் வந்துவிடும். புது மணிக்கட்டு வராது!