நெஞ்சுக்குள் ஏறிய இரைப்பை

காரிமங்கலம் வட்டாரத்தில் வயிற்றில் அடிபடுவதற்கு வழிகள் பல. ஊரை ஒட்டிப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் லாரியின் பின்புறம் போய் மோதும் கார், டூவீலர் ஒரு பக்கம். புளி உலுக்க மரம் ஏறியவர் கிளை முறிந்து விழுவது, வரப்பேறிய டிராக்டர் கவிழ்வது, எருது விடும் விழாவில் மாடு முட்டித் தூக்கி எறிவது இன்னொரு பக்கம். இப்படி அடிபட்டு வருகிறவர்களில் சிலருக்குத் தோலில் பெரிய காயம் எதுவும் இருக்காது. "விலா ரெண்டு விட்டிருக்கு, வேற ஒண்ணும் இல்ல" என்று கேட்டு நிம்மதியாக வீடு திரும்புவார்கள். அந்த 'வேற ஒண்ணும் இல்ல'வில் ஒளிந்துகொள்ளக்கூடிய ஒரு காயத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை. உதரவிதானக் கிழிசல், அதன் வழியே வயிற்று உறுப்புகள் நெஞ்சறைக்குள் ஏறிவிடும் குடல்பிதுக்கம்.

உதரவிதானம் என்பது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்பு. ஆஸ்பத்திரிப் பேச்சில் டயாபிரம். அதற்கு மேலே நுரையீரலும் இதயமும். கீழே கல்லீரல், இரைப்பை, மண்ணீரல், குடல். நாம் மூச்சை இழுக்கும்போது நெஞ்சறையின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைகிறது. வயிற்றறையின் அழுத்தமோ கூடுகிறது. சாதாரண மூச்சில் இந்த வித்தியாசம் 7 முதல் 20 சென்டிமீட்டர் நீர் உயர அளவு. மூச்சை முழுக்க இழுத்தால் 100-ஐத் தாண்டும். ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கும் கணத்தில் அது இன்னும் பல மடங்கு எகிறுகிறது. தண்ணீர் பாக்கெட்டின் மேல் சக்கரம் ஏறினால் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே பிளக்கும் இல்லையா, அதேதான். கத்திக்குத்தில் டயாபிரத்தில் விழும் ஓட்டை பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஊமையடியில் கிழியும்போது பத்து சென்டிமீட்டரையும் தாண்டும்.

நான்கில் மூன்று கிழிசல்கள் இடப்பக்கம்தான். வலப்பக்கத்தில் கல்லீரல் முட்டுக்கொடுத்து அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது. இடப்பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. போதாததற்கு, கருவில் டயாபிரம் உருவாகும்போது பல துண்டுகள் இணைகின்றனவே, அந்த இணைப்பு இடப்பக்கப் பின்புறத்தில் சற்று பலவீனமானது. வலப்பக்கம் கிழிவது குறைவு; அதோடு, அதற்குத் தேவைப்படும் அடியின் வேகமே பலரை ஆஸ்பத்திரி வரை வரவிடுவதில்லை.

வயிற்றிலோ மார்பிலோ பலத்த ஊமைக்காயத்தோடு வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேருக்கு வரை டயாபிரம் கிழிந்திருக்கும் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. எண்ணிக்கை சிறியதுதான். தவறவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் பெரியது.

1579-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ரோஸ் பாரே எழுதிவைத்த ஒரு நிகழ்வு இன்றும் பாடமாக இருக்கிறது. பீரங்கிப் படைத் தலைவர் ஒருவர் குண்டடி பட்டுப் பிழைத்துக்கொண்டார். எட்டு மாதம் கழித்துக் கடுமையான வயிற்று வலி வந்து இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது பெருங்குடலின் பெரும்பகுதி நெஞ்சுக்குள் கிடந்தது. அது ஏறிப் போன ஓட்டையில் சுண்டுவிரல் நுனிதான் நுழையும். சிறிய ஓட்டை என்றால் ஆபத்தும் சிறிது என்று நினைக்கிறோம், இங்கே நேர்மாறு. அகன்ற கிழிசலில் உறுப்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். குறுகிய ஓட்டையோ கழுத்தை நெரிக்கும். ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகும்.

கிழிசல் தானாக ஆறாதா? ஆறாது. கை முறிந்தால் கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். டயாபிரத்துக்கு ஓய்வு கிடையாது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 21,600 முறை மேலும் கீழும் போகிறது. ஒவ்வொரு மூச்சும் கீழே இருப்பதை மேலே உறிஞ்சுகிறது. முதலில் வயிற்றுக் கொழுப்புத் திரை போய் ஓட்டையை அடைக்கும். அதன் பின்னாலேயே இரைப்பையோ குடலோ ஏறும். 1974-இல் கிரைம்ஸ் என்ற மருத்துவர் இதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: அடிபட்ட உடனே, அமைதியான இடைக்காலம், அடைப்பும் அழுகலும். நடுவில் உள்ள அந்த அமைதி சில வாரமாகவும் இருக்கலாம், இருபது வருடமாகவும் இருக்கலாம்.

அமைதி என்றால் முழு அமைதி அல்ல. சாப்பிட்டதும் நெஞ்சு அடைத்தாற்போல இருக்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்கும். இடது தோளில் காரணமில்லாத வலி வரும். டயாபிரத்துக்குப் போகும் நரம்பும் தோள்பட்டைத் தோலுக்குப் போகும் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே மட்டத்திலிருந்து புறப்படுவதால் மூளை குழம்பிவிடுகிறது. வீட்டில் இதற்கு ஒரே பெயர்தான்: கேஸ் டிரபிள். ஓமத்தண்ணீர், பன்னீர் சோடா, மருந்துக்கடையில் ஒரு மாத்திரை. நெஞ்சு என்பதால் இ.சி.ஜி. எடுப்பார்கள், அதில் ஒன்றும் இருக்காது. எல்லாக் கேஸ் டிரபிளும் டயாபிரக் கிழிசல் என்று பயமுறுத்துவது என் நோக்கமில்லை. ஆனால் இந்த நோயில் ஸ்கேன் இயந்திரத்துக்கு முன்னால் வரவேண்டியது ஒரு கேள்வி என்பேன்: "இதுக்கு முன்னால எப்பவாச்சும் விழுந்தீங்களா, வண்டில அடிபட்டீங்களா?" நோயாளி அதைத் தானாகச் சொல்லமாட்டார். பத்து வருடத்துக்கு முன் மரத்திலிருந்து விழுந்ததற்கும் இன்றைய வாந்திக்கும் தொடர்பிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

பாஸ்டன் மருத்துவர் ஹென்றி பௌடிட்ச் 1853-இல் எழுதியதே, உயிரோடிருக்கும் நோயாளியிடம் இதைக் கண்டறிந்த முதல் பதிவு என்பார்கள். எக்ஸ்ரே வருவதற்கு 42 ஆண்டுகள் முன்பு. கையும் காதும்தான் கருவி. இடப்பக்க மார்பு புடைத்து அசையாமல் இருப்பது, இதயத்துடிப்பு வலப்பக்கம் தள்ளிக் கேட்பது, இடது நெஞ்சில் மூச்சுச் சத்தம் இல்லாமல் குடல் இரையும் சத்தம் கேட்பது ஆகியவற்றை அடையாளமாகக் குறித்தார். அவசரப் பிரிவின் இரைச்சலில் ஸ்டெதஸ்கோப்பால் அதைப் பிடிப்பது கடினம். பிடித்துவிட்டால் அது வலுவான அடையாளம்.

இன்று முதலில் எடுப்பது மார்பு எக்ஸ்ரே. இடப்பக்கக் கிழிசலை அது தெளிவாகக் காட்டுவது ஏறத்தாழப் பாதிப் பேரிடம்தான். வலப்பக்கத்தில் இன்னும் மோசம். ஒரு எளிய உத்தி உண்டு. மூக்கு வழியாக ரைல்ஸ் குழாயை இரைப்பைக்குள் விட்டு, பிறகு எக்ஸ்ரே எடுப்பது. குழாயின் முனை நெஞ்சுக்குள் சுருண்டு கிடந்தால் விடை கிடைத்துவிட்டது. சி.டி. ஸ்கேனில் டயாபிரத்தின் கோடு அறுந்திருப்பதும், ஓட்டையில் இறுக்கப்பட்ட இடத்தில் குடல் இடுப்புபோல ஒடுங்கியிருப்பதும் தெரியும். இன்னொரு நுட்பமான அடையாளம்: மல்லாந்து படுத்திருப்பவரின் இரைப்பையைப் பின்விலாவில் படாமல் டயாபிரம் தாங்கிப் பிடிக்கும், பிடிமானம் போனால் இரைப்பை நேராக விலா எலும்பின்மேல் போய் உட்கார்ந்திருக்கும். வென்டிலேட்டரில் இருப்பவரிடம் இவை எல்லாமே ஏமாற்றலாம். இயந்திரம் காற்றை உள்ளே தள்ளும்போது நெஞ்சறையின் அழுத்தம் கூடி, ஏறவேண்டிய குடலைக் கீழேயே அமுக்கி வைத்திருக்கும். வென்டிலேட்டர் குழாயை எடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

மிகக் கொடிய தவறு ஒன்று உண்டு. நெஞ்சுக்குள் ஏறிய இரைப்பை காற்றால் ஊதிப் போனால், எக்ஸ்ரேயில் அது நுரையீரலைச் சுற்றிக் காற்றுத் தேங்கியதுபோலவே தெரியும். காற்றை எடுக்க விலாவிடையில் குழாய் போட்டால் அது இரைப்பையைக் குத்திக் கிழிக்கும். அதனால்தான் குழாய் போடுமுன் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும் என்று பயிற்சி மருத்துவர்களுக்கு ஓயாமல் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டுதான். 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க வழி செய்தது. உயிர்காக்கும் ஏற்பாடு, ஐயமில்லை. ஆனால் இந்தக் காயத்துக்கு 48 மணி நேரம் என்ற கணக்கு தெரியாது. இடப்பக்கக் கீழ்விலாக்கள் முறிந்தவர், மண்ணீரல் கிழிந்தவர், இடுப்பெலும்பு நொறுங்கியவர் ஆகியோருக்குச் சில நாள் கழித்து இன்னொரு முறை மார்பு எக்ஸ்ரே எடுப்பதற்குச் செலவு அதிகமில்லை. டிஸ்சார்ஜ் தாளை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவதற்குச் செலவே இல்லை.

கண்டுபிடித்துவிட்டால் மருந்து மாத்திரைக்கு இங்கே வேலையில்லை, தைத்தே ஆகவேண்டும். 1886-இல் ரியோல்ஃபி முதன்முதலாக வெற்றிகரமாகத் தைத்தார். அடிபட்ட புதிதில் வயிற்றை நடுவில் திறப்பதே வழக்கம். டயாபிரம் கிழியும் அளவுக்கு அடி என்றால் மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கவும் கூடும், அவற்றையும் பார்த்தாக வேண்டும். ஏறிய உறுப்புகளை மெல்லக் கீழே இழுத்து, கரையாத நூலால் கிழிசலை மூடி, நெஞ்சில் வடிகுழாய் வைப்பார்கள். விளிம்புகள் சேராவிட்டால் வலை வைத்துத் தைப்பார்கள். வருடங்கள் கழித்து வருகிறவரிடம் குடல் நுரையீரலோடு ஒட்டிப் போயிருக்கலாம். அப்போது நெஞ்சு வழியாகவும் போக வேண்டிவரும். நோயாளி நிலையாக இருந்தால் லேப்ராஸ்கோப்பி முறையும் உண்டு. அதில் மயக்க மருத்துவருக்குத்தான் வேலை அதிகம்: வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் வாயு கிழிசல் வழியே நெஞ்சுக்குள் புகுந்து இதயத்தை அமுக்கிவிடலாம்.

குடல் நெரிபடுமுன் திட்டமிட்டுச் செய்தால் இது பிழைக்கவைக்கும் அறுவை. குடல் அழுகிய பிறகு நள்ளிரவில் செய்ய நேர்ந்தால் உயிரிழப்பு பல மடங்கு. அதனால், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தவருக்கும், "தொந்தரவு ஒண்ணுமே இல்லையே டாக்டர்" என்று அவர் சொன்னாலும், தைத்துவிடவே பரிந்துரைப்பார்கள். கருத்தரிக்க நினைக்கும் பெண் என்றால் கட்டாயம் முன்கூட்டியே. வளரும் கருப்பை வயிற்றறையின் அழுத்தத்தைக் கூட்டிக் குடலை மேலே தள்ளும். அறுவைக்குப் பின், நெடுநாள் அமுங்கிக் கிடந்த நுரையீரல் விரியச் சில நாள் பிடிக்கும். அதுவரை மூன்று பந்துள்ள பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்து, மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே ஏற்றச் சொல்வார்கள்.