பிச்சாவரம் செல்லுமுன்

பனிமலைகளையும் திமிங்கிலங்களையும் கப்பல் தளத்தில் நின்று காண அலாஸ்காவுக்குச் செல்வோர் உண்டு. கீழ்பென்னாத்தூரிலிருந்து நமக்கு எட்டுவது பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, அலையாத்திக் காட்டின் குறுகிய நீரோடைகளில் துடுப்புப் படகு நுழையும். மோட்டார் ஓசைக்குப் பறந்துவிடும் கொக்கும் மீன்கொத்தியும் அருகிலேயே அமர்ந்திருக்கும்.

சென்ற குளிர்காலத்தில் அங்குச் சென்று திரும்பிய இதய நோயாளி ஒருவர், கால் வீங்கி, மூச்சிரைப்புடன் எம்மிடம் வந்தார். படகில் கழிப்பறை இராதே என்று அஞ்சி, சிறுநீர் பெருக்கும் மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திவிட்டாராம். கூச்சத்தால் மனைவியிடமும் சொல்லவில்லை.

மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. அன்று மட்டும் கரை திரும்பிய பின் உட்கொள்ளலாமா என்று முன்னரே எம்மைக் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இவ்வாண்டு அவர் கேட்டார். நேரத்தை மாற்றிக் கொடுத்தோம். படகிலிருந்து கொக்குகளை எண்ணினாராம். கணக்கு மட்டும் மனைவியினுடையதோடு ஒத்துப்போகவில்லை.