நீல அரிசியும் ஓலைப்பெட்டியும்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை. மெல்போர்னில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று இரண்டு கிலோ அரிசிக்கு நீலச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வினிகர், கொஞ்சம் ஃபுட் கலர், ஜிப் பையில் போட்டுக் குலுக்கி ட்ரேயில் காயவைத்தால் கடல் ரெடி. அதன்மேல் பிளாஸ்டிக் மீன், சிப்பி, ஒரு குட்டிப் படகு. மூன்று வயது மகளுக்கு 'ஓஷன் தீம்' சென்ஸரி விளையாட்டு.

வீடியோ காலில் பார்த்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏல, திங்கிற அரிசில என்னல பண்ணிட்டு இருக்க?" என்றாள். அம்பாசமுத்திரத்துக்காரி. சிந்திய பருக்கையைக் குனிந்து பொறுக்குகிற தலைமுறை. நான் விரல் தசை, தொடு உணர்வு என்று இணையத்தில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். மகள் சரியாக நான்கு நிமிஷம் விளையாடினாள். பிறகு கடலைக் கார்ப்பெட்டில் கவிழ்த்துவிட்டு, ட்ரே வந்த அட்டைப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வாக்குவம் போட எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இந்த விளையாட்டுகளெல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. அள்ளுவது, ஊற்றுவது, பிசைவது, உருட்டுவது, இதிலெல்லாம்தான் பின்னால் பென்சில் பிடிக்கப்போகும் விரல்கள் வலுவாகின்றன. வாசலிலேயே மண் கிடந்த ஊரில் இதற்குத் தனியாக ஒரு பெயர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ஜூலை மாதக் குளிரில் கார்ப்பெட் போட்ட வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைக்கு மண்ணை நாம்தான் தட்டில் கொண்டுவர வேண்டும். ஆனால் கொண்டுவரும்போது ஜாக்கிரதை. டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக்குழாய்க்குள் நுழைகிற எதுவும் சின்னக் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும். தண்ணீரில் ஊதிப் பெருக்கும் வாட்டர் பீட்ஸ் பார்க்க அழகு. விழுங்கினால் குடலுக்குள் போயும் ஊதும். எங்கள் வீட்டில் அதற்கு அனுமதியே இல்லை. பச்சை ராஜ்மாவும் வேண்டாம், அதில் நச்சு உண்டு.

என்னை உறுத்தியது வேறு விஷயம். மகள் தனியாகப் பொம்மைகளோடு இருக்கும்போது ஒருநாள் கதவோரம் நின்று கேட்டேன். பொம்மையைத் தூங்க வைக்கிறாள், திட்டுகிறாள், "பேக் அவே டைம்!" என்று அதட்டுகிறாள். எல்லாம் ஆங்கிலம். குரல்கூட அவளது சைல்டுகேர் டீச்சரின் குரல். நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வது பழகிப்போன ஒன்று. ஆனால் கற்பனையிலும் தமிழ் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

1933ல் லெவ் வைகோட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் விளையாட்டைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். ஒரு குச்சியைக் குதிரையாக ஓட்டும் குழந்தை, அந்த நேரத்தில் தன் வயதைத் தாண்டி யோசிக்கிறது என்பது அவர் வாதம். பாத்திரம் ஏற்றால் அதற்கான விதிகளும் கூடவே வந்துவிடும். அம்மா என்றால் அம்மா மாதிரிதான் பேச வேண்டும். என் மகளின் கடைக்காரருக்கு எந்த மொழி தெரியும்? அவள் பார்த்த கடையில் பொருளை ஸ்கேன் செய்தால் பீப், அட்டையைத் தட்டினால் இன்னொரு பீப். அவள் கடை விளையாட்டும் அப்படித்தான். 'பீப், பீப், டேப் ஹியர் ப்ளீஸ்', முடிந்தது வியாபாரம். தமிழில் பேசிய கடையை அவள் கண்டதே இல்லையே, அவளை எப்படிக் குறை சொல்வது?

மூன்று மாத விசாவில் அம்மா வந்தாள், கையில் ஓலைப்பெட்டி. உள்ளே எங்கள் ஊர் மரச் சொப்புச் சாமான்: அம்மி, உரல், திருகை, பானை, கரண்டி. மரமும் ஓலையும் என்பதால் விமான நிலையத்தில் டிக்ளேர் செய்தோம். அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து, பூச்சி துளைத்த ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். குட்டி அம்மியை உருட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டார். பல்லாங்குழிக்கென்று கொண்டுவந்த புளியங்கொட்டை மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை அம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கொட்டாங்குச்சி, ஒரு குச்சி, கொஞ்சம் நூல். தராசு வந்துவிட்டது. "வாங்கம்மா, என்ன வேணும்?" பேத்தி முழித்தாள். "ஆப்பிள்." "ஆப்பிள் இல்ல தாயி, கத்தரிக்கா இருக்கு, இளசு." மூன்றாம் நாள் பேத்தி "கால் கிலோ" என்றாள். இரண்டாம் வாரம் பேரம்: "கூடப் போடுங்க!" அட்டையை நீட்டினால் பாட்டி கடையில் செல்லாது, காசுதான் வேண்டும். மிச்சம் கேட்டால், "சில்லற இல்ல, முட்டாய் வச்சுக்கிடுதியா?" மகள் இதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

நிஜ வேலையும் உண்டு. பட்டாணி உரிக்கச் சொல்வாள், பக்கத்திலேயே இருந்து வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்வாள். 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி, பாவனைச் சமையலைவிட நிஜமான வேலைதான் பிள்ளைகளுக்கு நிறைவு தரும் என்று நம்பியவர். அம்மா அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. பட்டாணி அரை மணி நேரம் ஓடியது. என் கடல் நான்கு நிமிஷம்.

ஒரு ராத்திரி மறுபடி கதவோரம் நின்றேன். "அழாத கண்ணு, சோறு ஆறட்டும்" என்று பொம்மைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். பாட்டியின் குரல். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் பேசவில்லை.

யோசித்தால், நீல அரிசி மேல் தப்பில்லை. அன்று மகள் விளையாடும்போது நான் போனைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். கடலில் மீன் பிடிக்க ஒரு மீனவர்கூட இல்லை, "ஏலேலோ" சொல்ல ஆளில்லை. தீம் எதுவாக இருந்தால் என்ன, அதற்குள் தமிழில் பேசுகிற ஒரு ஆள் உட்கார வேண்டும். இங்கே 2009ல் வந்த மழலையர் கல்விக்கான தேசிய வழிகாட்டியும் விளையாட்டு வழியே கற்பதைத்தான் முன்வைக்கிறது, வீட்டு மொழியைக் காக்கவும் சொல்கிறது. ஆனால் என் வீட்டு மொழியை டீச்சரா பேச முடியும்?

இப்போது வேலை முடிந்து லேப்டாப்பை மூடியதும் நான் கண்டக்டர். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு விசில் அடித்து, "படியில நிக்காதீங்க, உள்ள போங்க! தென்காசி, பாபநாசம், அம்பை!" என்று கத்துகிறேன். முதல் நாள் ஏறியவுடனே மகள் கேட்டது: "மைக்கி கார்டு எங்க தட்டணும்?" பழைய பில்லைக் கிழித்து டிக்கெட் கொடுத்தேன். சப்பாத்தி மாவில் பாதி அவளுக்கு. பொறுமையில்லாத நாட்களும் இருக்கின்றன. அன்றைக்கு டிவிதான்.

அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகள் போனை ஓலைப்பெட்டிமேல் சாய்த்து வைத்துக் கடை திறக்கிறாள். போன வாரம் அம்மா அரைக் கிலோ அரிசி கேட்டாள். மகள் தராசைத் தூக்கிப் பிடித்தபடி, "நீல அரிசியா, வெள்ள அரிசியா?" என்றாள்.

"நீலமே போடு தாயி. கொஞ்சம் கூடப் போடு."